விளக்கெண்ணெயில் ஓடிய ரேஸ் கார்கள்

ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை, மங்களபுரம் வழியாக ஆத்தூர் போகிறவர்கள் இந்தச் செடியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மஞ்சள் வயலின் வரப்போரத்தில், கடலைக் காட்டின் ஊடே, ஆள் உயரத்துக்கும் மேலே, விரித்த கை மாதிரி இலைகளோடு நிற்கும். புத்தகத்தில் ஆமணக்கு. எங்க பக்கம் கொட்டமுத்து. சேலம், நாமக்கல், தர்மபுரி வட்டாரம் தமிழ்நாட்டில் ஆமணக்கு விளையும் முக்கியமான பகுதி. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் ஏத்தாப்பூரில் இருப்பதும் சும்மா இல்லை.

இந்தக் கொட்டமுத்து எண்ணெய், அதாவது குழந்தைக்கு வயிறு சுத்தம் பண்ணக் கொடுக்கிற அதே விளக்கெண்ணெய், ஒரு காலத்தில் உலகத்திலேயே வேகமாக ஓடிய கார்களின் எஞ்சின் ஆயிலாக இருந்தது. அந்தக் கார்களில் பலவற்றுக்கு எரிபொருள் பெட்ரோலே கிடையாது; சாராய இனத்தைச் சேர்ந்த ஆல்கஹால். வேகமான காருக்கு எந்த ஆயில் ஊத்துறது, எந்தப் பெட்ரோல் போடுறது என்று இன்னைக்கு நண்பர்கள் மணிக்கணக்கில் வாக்குவாதம் பண்றாங்களே, அந்த வாக்குவாதத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல வயசு. அதன் ஒரு நுனி நம்ம வரப்பில் இருக்கு.

முதலில் மாட்டு வண்டி. மரச்சக்கரத்தின் குடத்துக்கும் இரும்பு அச்சுக்கும் நடுவே தேய்மானத்தைக் குறைக்க வண்டி மை போடுவாங்க. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை. பாரம் ஏற்றிய வண்டியில் அந்த இடத்தில் விழும் அழுத்தம் சாதாரணம் இல்லை. நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ ஊத்தினா வழிஞ்சு ஓடிடும். விளக்கெண்ணெய் நிற்கும். ஏன் நிற்கிறது என்ற காரணம் தெரியாமலேயே நம்மாட்கள் சரியான எண்ணெயைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் காலத்து ரயில்வேயும் விளக்குக்கும் மசகுக்கும் விளக்கெண்ணெயைப் பயன்படுத்தியது.

காரணம் வேதியியலில் இருக்கு. மற்ற தாவர எண்ணெய்களில் இருப்பவை ஒலியிக், லினோலியிக் மாதிரியான கொழுப்பு அமிலங்கள். ஆமணக்கில் கிட்டத்தட்ட 85 முதல் 90 சதவீதம் ரிசினோலியிக் அமிலம். இதன் சங்கிலி நடுவில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கொக்கி, ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கொக்கியால் இரண்டு விஷயம் நடக்குது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் எண்ணெய் கெட்டியாகிறது. உலோகப் பரப்பையும் பிடித்துக்கொள்வதால், அழுத்தம் வந்து எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேறினாலும் கடைசி மெல்லிய பூச்சு போகாமல் ஒட்டிக் கிடக்கும். எஞ்சின் பேரிங்குக்கு வேண்டியதும் அதுதான்.

1899-இல் லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்ட் என்பவர், தான் வேலை பார்த்த வாக்குவம் ஆயில் கம்பெனியை விட்டு வெளியே வந்து சொந்தமாக மசகெண்ணெய்க் கம்பெனி தொடங்கினார். 1909-இல் விளக்கெண்ணெய் கலந்த ஒரு எஞ்சின் ஆயிலைக் கொண்டுவந்தார். காஸ்டர் என்ற ஆங்கிலப் பேரையே சுருக்கி அதற்குக் காஸ்ட்ரால் என்று வைத்தார். அடுத்த வருஷமே, 1910-இல், அந்தக் கம்பெனி இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டது. ஆமணக்கு முத்தை உலகத்துக்கே ஏற்றுமதி பண்ணிக்கொண்டிருந்த நாட்டுக்கு, ஆமணக்கின் பேரை வைத்த டப்பா கப்பலில் வந்து இறங்கியது. கொள்ளிமலை மிளகை சூப்பர் மார்க்கெட்டில் வெளிநாட்டு லேபிளோடு வாங்குற மாதிரி.

காரைவிட ஆகாய விமானம்தான் ஆமணக்குக்கு அப்போது பெரிய வாடிக்கையாளர். பிரான்ஸின் செகாங் சகோதரர்கள் செய்த நோம் ரோட்டரி எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் அசையாமல் நிற்கும். சிலிண்டர்களும் புரொபெல்லரும் சேர்ந்து சுத்தும். பெட்ரோல் ஆவி கிராங்க் கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குள் போகும். அங்கே மினரல் ஆயில், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுத்த ஆயில், ஊத்தினால் பெட்ரோல் அதைக் கரைத்துக் கழுவிவிடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் அவ்வளவு எளிதில் கரையாது. அதனால் அது மட்டும்தான் அங்கே தாக்குப்பிடித்தது. எஞ்சினுக்குள் போன எண்ணெய் திரும்ப வராது. புகையோடு வெளியே தெறித்துக்கொண்டே இருக்கும். பின்னால் உட்கார்ந்திருந்த பைலட்டின் முகமெல்லாம் விளக்கெண்ணெய். மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் உள்ளே போனதன் விளைவு என்னவென்று நம்ம பாட்டிகளைக் கேட்டால் சொல்லுவாங்க.

முதல் உலகப் போரில் தேவை எங்கேயோ போய்விட்டது. அமெரிக்க அரசு 1917-இல் ஆசியாவிலிருந்து விதை வரவழைத்து, தன் மண்ணில் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் ஆமணக்கு விதைக்க ஏற்பாடு செய்தது. விமானத்துக்கு மசகு வேண்டும் என்பதற்காக ஒரு அரசாங்கம் விவசாயத்துக்குள் இறங்கியது.

அவ்வளவு நல்ல ஆயில் என்றால் இன்னைக்கு ஏன் யாரும் ஊத்துவதில்லை?

விளக்கெண்ணெய்க்கு இரண்டு பெரிய கோளாறு. சூடு பட்டுக் காற்றோடு சேரச் சேர அது பிசினாக மாறும். பிஸ்டன் ரிங் இருக்கும் பள்ளத்தில் போய் உறைந்தால் ரிங் அசையாது. ரேஸ் குழுக்களுக்கு இது பிரச்சினை இல்லை. பந்தயம் முடிந்த கையோடு ஆயிலை வடித்துவிடுவார்கள். எஞ்சினையும் பிரித்துக் கழுவுவார்கள். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் சர்வீஸுக்கு விடுகிற நமக்கு அது கதைக்காகாது. இன்னொன்று, அது மினரல் ஆயிலோடு சேராது. பழைய ஆயிலை முழுசாக வடிக்காமல் மேலே விளக்கெண்ணெய் ஊத்தினால் இரண்டும் பிரிந்து நிற்கும், அடைப்பு வரும்.

குளிர்ந்த எஞ்சினில் அது படுத்தும் பாட்டையும் சொல்லணும். எண்ணெயின் கெட்டித்தன்மையை சென்டிஸ்டோக் என்ற அலகில் அளப்பார்கள். விளக்கெண்ணெய் 40 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 250. 100 டிகிரியில் 20-க்குக் கொஞ்சம் கீழே. இன்றைய சிந்தெடிக் 5டபிள்யூ-30 ஆயில் ஒன்றை எடுத்தால் 40 டிகிரியில் 65 சுமாருக்கு இருக்கும், 100 டிகிரியில் 11 சுமாருக்கு. முன்னது சூட்டில் 13 மடங்கு இளகுகிறது, பின்னது 6 மடங்குதான். சூட்டுக்கு எவ்வளவு குறைவாக மாறுகிறது என்பதை ஒரே எண்ணாகச் சொல்லும் விஸ்காசிட்டி இண்டெக்ஸ் கணக்கை 1929-இல் டீன், டேவிஸ் என்ற இருவர் வகுத்தார்கள். அந்த அளவுகோலில் விளக்கெண்ணெய் 90-ஐ ஒட்டி நிற்கும். நல்ல சிந்தெடிக் 160-ஐத் தாண்டும். ரேஸ் காரர்கள் எஞ்சினை நிதானமாகச் சூடாக்கிய பிறகுதான் களத்தில் இறக்குவார்கள். நாம் சாவியைத் திருப்பின அடுத்த நிமிஷம் கேட்டைத் தாண்டி ரோட்டில் இருப்போம்.

இனி எரிபொருள். எண்ணெயையும் எரிபொருளையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது இங்கேதான் புரியும்.

எஞ்சினின் சக்தியைக் கூட்ட எளிய வழி, பிஸ்டன் காற்றை இன்னும் இறுக்கமாக அமுக்கும்படி செய்வது, அல்லது சூப்பர்சார்ஜர் வைத்துக் காற்றைத் திணிப்பது. ஒரு எல்லைக்கு மேல் போனால், ஸ்பார்க் பற்றவைத்த தீ முழுசாகப் பரவுவதற்கு முன்னாலேயே மீதிக் கலவை தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்லும் அந்தக் கணகண சத்தம் அதுதான். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். எந்த அளவுக்கு அமுக்கினாலும் தானாக வெடிக்காமல் ஒரு எரிபொருள் தாங்குகிறது என்பதன் அளவே ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேன் என்ற பொருளுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து 1920களில் உருவாக்கிய அளவுகோல். ஆக்டேன் கூடினால் பெட்ரோலில் சத்து கூடுது என்று பலர் நினைக்கிறார்கள். சத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, பொறுமைக்குத்தான் சம்பந்தம்.

பொறுமையில் ஆல்கஹாலை மிஞ்ச ஆள் இல்லை. எத்தனாலின் ஆக்டேன் 108-ஐ ஒட்டி. அதோடு, ஆவியாகும்போது அது பெட்ரோலைவிடப் பல மடங்கு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மெத்தனால் இன்னும் அதிகம். சிலிண்டருக்குள் போகும் காற்று குளிரும், குளிர்ந்த காற்று அடர்த்தியாகும், நிறைய காற்று உள்ளே போகும். 1930களின் கிராண்ட் பிரி கார்கள் ஆல்கஹாலை நம்பியதற்கு இதுதான் காரணம். சூப்பர்சார்ஜர், ஆல்கஹால், விளக்கெண்ணெய் மூன்றும் ஒரே குடும்பம் மாதிரி. ஆல்கஹால் எஞ்சினில் கலவையை மிக அடர்த்தியாக விடவேண்டியிருக்கும். எரியாத மிச்சம் ரிங் ஓரமாக இறங்கி ஆயிலில் கலக்கும். மினரல் ஆயிலும் மெத்தனாலும் சேராது. கலக்கினால் மோர் மாதிரி திரிந்து நிற்கும். விளக்கெண்ணெய் மட்டும் ஆல்கஹாலோடு எந்த அளவிலும் ஒன்றாகக் கரையும். பெட்ரோலில் கரையாததால் விமானத்துக்குப் பிடித்த எண்ணெய், ஆல்கஹாலில் கரைவதால் ரேஸ் காருக்குப் பிடித்தது.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். அப்படியென்றால் அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் மெத்தனாலை ஊத்தணும். 1951-இன் ஆல்ஃபா ரோமியோ 159 கார் இந்தப் பாதையின் உச்சி. வெறும் ஒன்றரை லிட்டர் எஞ்சின், 400-க்கு மேல் குதிரைசக்தி, எரிபொருள் கிட்டத்தட்ட முழுக்க மெத்தனால். லிட்டருக்குக் கிடைத்த மைலேஜ் ஏறக்குறைய அரை கிலோமீட்டர். எழுத்துப் பிழை இல்லை, அரை கிலோமீட்டரேதான். அதை எதிர்த்து ஃபெராரி சூப்பர்சார்ஜர் இல்லாத நாலரை லிட்டர் எஞ்சினோடு வந்தது. சக்தியில் கொஞ்சம் பின்தங்கல். தாகத்தில் ரொம்பக் குறைவு. 1951 ஜூலை 14 அன்று சில்வர்ஸ்டோனில் ஃபாஞ்சியோவின் ஆல்ஃபா இரண்டு முறை நின்று எரிபொருள் நிரப்ப வேண்டியிருந்தது. கொன்சாலஸ் ஓட்டிய ஃபெராரிக்கு ஒரு முறை போதும். ஃபெராரி ஜெயித்தது. உலக சாம்பியன்ஷிப் கணக்கில் ஃபெராரியின் முதல் வெற்றி அதுதான். அந்த வருஷப் பட்டம் கடைசியில் ஃபாஞ்சியோவுக்குத்தான் போனது என்றாலும், சீசன் முடிந்ததும் ஆல்ஃபா களத்தைவிட்டே விலகிக்கொண்டது.

1958-இல் ஃபார்முலா ஒன் ஆல்கஹாலைத் தடை செய்து விமானப் பெட்ரோலைக் கட்டாயமாக்கியது. எரிபொருள் மாறியதும் எஞ்சின்களை மறுபடி திருத்த வேண்டியிருந்தது. விளக்கெண்ணெயை விட முடியாமல் பிடித்திருந்த ஒரு கையும் தளர்ந்தது.

இதெல்லாம் ஐரோப்பா. நம்ம ஊரில் என்ன நடந்தது?

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வரும்வரை தென்னிந்திய மோட்டார் பந்தயம் என்றாலே சோழவரம். இறக்குமதி கிடையாது, உதிரிபாகம் கிடையாது. ஃபியட்டையும் ஹெரால்டையும் அம்பாசடரையும் பிரித்துத் திருத்தி ஓட்டிய காலம். பங்கில் கிடைத்த பெட்ரோல் 87 ஆக்டேன். உயர்ரகம் என்று விற்றது 93. அதிலும் ஈயம். 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த டெட்ராஎதில் லெட் என்ற ஈயக் கலவைதான் உலகம் முழுக்க ஆக்டேனைத் தூக்கிப் பிடித்தது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க. 87 ஆக்டேனை வைத்துக்கொண்டு கம்ப்ரெஷனை ஏற்றினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்துவிட்டோம். இந்தியாவில் எஞ்சின் டியூனிங் என்பது கடைசியில் பெட்ரோல் பங்கில் போய் முட்டிக்கொண்ட கலை.

கோயம்புத்தூர் கரிவரதன் இந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனவர் என்று எனக்குத் தோன்றும். 1980களின் கடைசியில் அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார், மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினைத் தூக்கி இலகுவான ஒற்றை இருக்கை உடம்புக்குள் வைத்தது. சக்தியைக் கூட்டுவதற்குப் பதிலாக எடையைக் குறைத்தார். வீட்டுக் கார் எஞ்சின் என்பதால் வீட்டுக் கார் பெட்ரோலும் கடையில் கிடைக்கும் ஆயிலுமே போதும், செலவு கையடக்கம். 1995-இல் சிறு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேரில் இருப்பது. 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இந்த ஃபார்முலா மாருதியில் பந்தயம் பழகியவர்தான்.

சரி, இன்னைக்கு ராசிபுரத்தில் ஒருத்தர் டர்போ பெட்ரோல் கார் வாங்குகிறார் என்று வைப்போம். ஒரு லிட்டர் எஞ்சின், நூறு குதிரைசக்திக்கு மேல். சோழவரத்தில் ஓடிய பல கார்களை இது சுலபமாக முந்தும். ஆண்டகளூர்கேட்டில் ஏறினால் நாலு வழிச் சாலை. கொஞ்சம் தெற்கே போய்த் திரும்பினால் கொள்ளிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு.

ஆயில் கடையில் கேட்டால், "நம்ம ஊர் வெயிலுக்குத் திக்கா ஊத்துங்கண்ணா, 20டபிள்யூ-50 போடுங்க" என்று அன்போடு சொல்வார்கள். பழைய அம்பாசடருக்கு அது சரியான புத்திமதி. அந்த எஞ்சினில் பேரிங் இடைவெளி பெரிசு. கெட்டி ஆயில்தான் அங்கே அழுத்தத்தைப் பிடித்து நிற்கும். புது எஞ்சினின் இடைவெளியும், ஆயில் பம்பும், வால்வ் நேரத்தை ஆயில் அழுத்தத்தாலேயே மாற்றும் அமைப்பும் இளகிய ஆயிலுக்காகவே அளந்து செய்தவை. 5டபிள்யூ-30 என்பதில் 5டபிள்யூ குளிருக்கு. டபிள்யூ என்றால் விண்டர். ராசிபுரத்தில் விண்டர் ஏது என்று கேட்கலாம். மார்கழி விடியற்காலை 20 டிகிரி கூட, 100 டிகிரியில் வேலை பார்க்கவேண்டிய ஆயிலுக்குக் குளிர்தான். பின்னால் வரும் 30 என்பது சூடான எஞ்சினின் கெட்டித்தன்மை. வெளியே வெயில் 40 டிகிரி அடித்தாலும் தெர்மோஸ்டாட் எஞ்சினை ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் வைத்திருக்கும். அதனால் சேலத்து வெயிலுக்காக மட்டும் தனியாகக் கெட்டி ஆயில் வேண்டியதில்லை. கையேட்டில் இரண்டு கிரேடு அனுமதித்திருந்தால், அடிக்கடி மலையேறுகிறவர், டிராக்கில் ஓட்டுகிறவர் அதில் கெட்டியானதை எடுப்பது நியாயம். டர்போவின் பேரிங்கில் 150 டிகிரி சூட்டில், வேகமான உராய்வில் ஆயில் எவ்வளவு தாங்குகிறது என்று எச்டிஎச்எஸ் என்ற ஒரு அளவு உண்டு. 30 கிரேடுக்குக் குறைந்தது 2.9 இருக்கணும், 20 கிரேடுக்கு 2.6. டப்பாவின் முன்பக்கத்துப் படத்தைவிட அந்த எண் அதிகம் சொல்லும்.

கிரேடைவிட முக்கியமாக நான் பார்ப்பது ஏபிஐ எழுத்து. கொள்ளிமலை வளைவில் மூன்றாவது கியரிலேயே, 1500 ஆர்பிஎம்மில், ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து இழுக்கப் பார்ப்போம் இல்லையா? சின்ன டர்போ, டைரக்ட் இஞ்செக்ஷன் எஞ்சினுக்கு அது ஆபத்தான நேரம். சிலிண்டர் ஓரத்தில் இருக்கும் ஆயில் துளி பெட்ரோலோடு கலந்து, ஸ்பார்க்குக்கு முன்பே பற்றிக்கொள்ளும். குறைவேக முன்பற்றல் என்று சொல்லலாம். ஒரே அடியில் பிஸ்டன் உடையும். இதைத் தூண்டுவதில் ஆயிலில் அழுக்கு கழுவச் சேர்க்கும் கால்சியத்துக்கு ஒரு பங்கு உண்டு என்று கண்டுபிடித்து, கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைக் கூட்டினார்கள். 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி தரம் இந்தச் சோதனையையும் உள்ளடக்கியது. அந்தக் காலத்தில் எரிபொருள் ஆயிலைக் கெடுத்தது. இப்போது ஆயில் எரிபொருளைப் பற்றவைக்கிறது. டர்போ காருக்கு எஸ்பி எழுத்து இல்லாத ஆயிலை, எவ்வளவு விலையுயர்ந்த சிந்தெடிக்காக இருந்தாலும், நான் ஊத்தமாட்டேன். மலையில் ஒரு கியர் குறைத்துவிடுவது அதைவிட மலிவான வைத்தியம்.

பெட்ரோல் பக்கம் வருவோம். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகப்படுத்தியபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். அதை 91 ஆக்டேனுக்காகச் செய்த காரில் ஊத்தினால் கிடைப்பது மனத்திருப்தி. நான் மென்பொருள்காரன், எனக்குப் புரிகிற மொழியில் சொல்றேன்: இசியூ என்பது ஒரு பெரிய அட்டவணை. எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு சுமை என்று பார்த்து, ஸ்பார்க்கை எப்போது கொடுப்பது என்று அந்த அட்டவணையில் தேடி எடுக்கும். நாக் சென்சர் கணகண சத்தத்தைக் கேட்டால் ஸ்பார்க்கைப் பின்தள்ளும். அப்போது சக்தி குறையும். அட்டவணையில் 95-க்கும் 100-க்கும் வரிகள் எழுதியிருந்தால்தான் அந்தப் பெட்ரோல் வேலை செய்யும். ரீமேப் செய்த காருக்கு, அதிக பூஸ்ட் வைத்த டர்போவுக்கு, அது தேவை. மற்றவர்களுக்கு இல்லை.

இப்போது பங்கில் வருவது இ20. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ரேஸ் டிராக்கிலிருந்து துரத்தப்பட்ட ஆல்கஹால் நம்ம டேங்குக்கு வந்துவிட்டது. புதுசு என்றும் சொல்ல முடியாது; 1948-லேயே இந்தியப் பவர் ஆல்கஹால் சட்டம் என்று ஒன்று போட்டார்கள், 2000-இல் அதை ரத்தும் செய்தார்கள். இ20-இன் ஆக்டேன் 95. அமுக்கத்தைத் தாங்குவதில் நல்ல முன்னேற்றம். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருப்பது ஒரு லிட்டர் பெட்ரோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான். இ10-க்கும் இ20-க்கும் இடையே கணக்குப் போட்டால் சுமார் மூன்றரை சதவீதம் சக்தி குறையுது. கூடுதல் ஆக்டேனைப் பயன்படுத்தும்படி செய்த புது எஞ்சின் அதில் ஒரு பகுதியை மீட்டுவிடும். பத்து வருஷப் பழைய காருக்கு ஆக்டேன் கிடைத்தும் பயனில்லை, மைலேஜ் மட்டும் போகும். அந்தக் காரின் ரப்பர் ஹோஸையும் கேஸ்கெட்டையும் ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைக்கிற கார்தான் அதிகம் அவதிப்படும். பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்கும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிற வண்டியில் ஆயில் சூடாகாமல் ஈரமும் எரிபொருளும் அதிலேயே தங்கும். அவர்கள் கிலோமீட்டரைப் பார்க்காமல் மாசத்தைப் பார்த்து ஆயில் மாற்றணும். சேலம் வரை தினம் போய்வருகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

நாமக்கல் மாவட்டத்துக்காரனாக இதில் எனக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. கரும்பு போதாமல் 2023-24 எத்தனால் ஆண்டில் மக்காச்சோளம் முதல் இடத்துக்கு வந்தது. முட்டைக்கோழித் தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். காலங்காலமாக மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்த நாடு 2024-இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்கியது. தீவன விலை ஏறினதில் நம்ம பண்ணைக்காரர்கள் போட்ட சத்தம் நியாயமானது. எனது காரின் ஆக்டேனும் பக்கத்துத் தோட்டத்துக் கோழியும் ஒரே மூட்டைக்குப் போட்டி போடுறாங்க. கொட்டமுத்து எஞ்சினுக்குப் போன காலத்தில் இந்தத் தகராறு இல்லை. அதைக் கோழியும் தின்னாது, மாடும் தின்னாது, விதையிலேயே ரிசின் என்ற விஷம்.

அந்தக் கொட்டமுத்து என்ன ஆச்சு? எஞ்சினை விட்டு வெளியேறியது, வண்டியை விட்டுப் போகவில்லை. விளக்கெண்ணெயைக் காரத்தோடு சூடாக்கினால் செபாசிக் அமிலம் கிடைக்கும். ஆரம்பகால ஜெட் எஞ்சின் ஆயில்கள் அதன் எஸ்டர்களில் செய்தவை. இன்னொரு வழியில் பிரித்தால் நைலான் 11 என்ற பிளாஸ்டிக். பெட்ரோலும் ஆல்கஹாலும் அரிக்காது என்பதால் கார்களின் எரிபொருள் குழாய்க்கும் லாரிகளின் ஏர் பிரேக் குழாய்க்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். விளக்கெண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கி எடுக்கும் 12-ஹைட்ராக்சி ஸ்டீரிக் அமிலம், லித்தியத்தோடு சேர்ந்து சோப்பாகும். அந்தச் சோப்பில் மினரல் ஆயிலைப் பிடித்துவைத்தால் லித்தியம் கிரீஸ். 1940களில் காப்புரிமை பெற்றது; இன்னைக்கும் உலகத்தில் அதிகம் விற்கும் கிரீஸ் வகை. ரிசினோலியிக் அமிலத்தில் இருந்த அதே ஹைட்ராக்சில் கொக்கிதான் அங்கேயும் பிடித்துக்கொண்டிருக்கு.

நாமக்கல் லாரிப் பட்டறையில் வீலைக் கழற்றி, பேரிங்கில் விரலால் கிரீஸை அடைப்பார்களே, பெரும்பாலும் அது இதுதான். வைக்கோல் கரி இருந்த இடத்தில் லித்தியம். கொட்டமுத்து அச்சிலேயே இருக்கு.